உழைச்செல்வான்

நோய் தீர்வதற்கு வேண்டுவன யாவை என்று வினவினால், நல்ல மருத்துவரும் நல்ல மருந்தும் என்று உடனே விடை கூறுவோம். சற்று எண்ணிப் பார்த்தபின், நோயுற்றவரும் மருத்துவர் சொல்வழி நிற்றல் வேண்டும் என்று சேர்த்துக் கூறுவோம். திருவள்ளுவர் இம்மூன்றோடு அமைந்தாரல்லர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்தின் உறுப்புகளை அவர் நான்காக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு 'உழைச்செல்வான்' என்னும் ஒருவனையும் வைத்து எண்ணினார்.

உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயுற்றவரின் பக்கத்தே இருந்து, அவருக்கு வேண்டுவனவற்றை அறிந்து செய்பவரே உழைச்செல்வான். அவர் தாயாக இருக்கலாம்; தந்தையாக இருக்கலாம்; மனைவியாகவோ, கணவனாகவோ, உங்களைப் போன்ற மாணவராகவோ இருக்கலாம். அவருக்கு இருக்க வேண்டிய இயல்புகள் நான்கு என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குவார். நோயுற்றவரிடத்து அன்புடைமை ஒன்று, மனமும் மொழியும் மெய்யும் தூயனவாதல் ஒன்று, மருத்துவர் சொன்னவற்றைச் சொன்னவாறே செய்யும் ஆற்றல் ஒன்று, அறிவுடைமை ஒன்று.

காய்ச்சலும் கழிச்சலும் சில நாளில் நீங்குவன. அவற்றுக்கு உழைச்செல்வானின் பணியும் சில நாளே. மனநோயோ அவ்வாறன்று. மருத்துவர் திங்களுக்கு ஒருமுறை சிறிது நேரம் காண்பார். எஞ்சிய நாளெல்லாம் நோயுற்றவர் வீட்டிலேயே வாழ்வார். ஆதலின் மற்றெந்த நோயினும் மனநோயிலேயே இந்நான்காம் உறுப்பின் அருமை விளங்குகின்றது. அதனை ஒரு குடும்பத்தின் வாயிலாகக் காண்போம். இத்தகைய குடும்பங்கள் பலவாதலின், இதனைப் பெயர் கூறாது எடுத்துக்காட்டாகவே கொள்க.

திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம் வட்டத்தில் மூலனூர் என்னும் பேரூர் உள்ளது. மழை குறைந்த பகுதி; பருத்தியும் முருங்கையும் அந்நிலத்தின் செல்வம். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் நாளில் சுற்றூர் உழவரெல்லாம் கூடுவர். காட்டில் விளைச்சல் போதாத குடும்பத்தினர் பனியன் தொழிலை நாடித் திருப்பூருக்குச் செல்வர். அவ்வாறு சென்றவன் நம் குடும்பத்தின் மூத்த மகன். வயது இருபது. துணி வெட்டும் பிரிவில் வேலை. நண்பர் நால்வருடன் ஓர் அறையில் வாழ்க்கை. ஏற்றுமதிக்கு நாள் நெருங்கும்போது ஒன்றரை ஷிப்டு என்றும் இரண்டு ஷிப்டு என்றும் வேலை நீளும். உறக்கம் குறைந்தது, உணவு குறைந்தது.

ஒருநாள் அவன் சொல்லாமற் கொள்ளாமல் ஊருக்குத் திரும்பி வந்தான். யாரோடும் பேசவில்லை. இரவு முழுதும் திண்ணையில் விழித்திருந்தான். எதிரில் ஒருவரும் இல்லாதபோது யாருக்கோ விடை கூறினான். உடன் வேலை செய்வோர் தன்னைக் கொல்லச் சூழ்ச்சி செய்வதாகவும், அவர்கள் பேச்சுத் தன் காதில் விழுவதாகவும் கூறினான். தாய் இட்ட சோற்றை நஞ்சு என்று அஞ்சித் தள்ளினான். குளித்துப் பல நாள் ஆயிற்று.

அண்டை வீட்டார் ஆளுக்கொன்று கூறினர். பேய் பிடித்தது என்றார் ஒருவர். எவரோ செய்வினை செய்துவிட்டார் என்றார் மற்றொருவர். திருமணம் செய்து வைத்தால் தெளிந்துவிடும் என்றார் இன்னொருவர். ஓரிரவு அவன் வீட்டைவிட்டு ஓடித் தாராபுரம் சாலையில் வண்டிகளுக்கு இடையே நின்றான். மீட்டுக் கொணர்ந்த தந்தை, மறுநாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து தாம்புக் கயிற்றை எடுத்து வந்து, மகனுடைய காலைக் கட்டிற்காலோடு பிணித்தார். மகன்மீது வெறுப்புக் கொண்டு அவர் அதனைச் செய்யவில்லை; அவன் உயிர்க்கு அஞ்சியே செய்தார். பத்தாம் வகுப்பில் பயிலும் இளைய மகள் அருகில் நின்றிருந்தாள். "அப்பா, நாம் காட்டுக்குப் போனபின் வீட்டில் தீப்பிடித்தால் அண்ணன் என்ன செய்வார்?" என்று கேட்டாள்.

தந்தையால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடையை நம் நாடு ஒருமுறை மிகுந்த விலை கொடுத்துப் பெற்றிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, தர்காவால் புகழ்பெற்ற ஊர். மனநோய் நீங்க வேண்டிப் பல சமயத்தவரும் அங்குச் செல்வது நெடுநாள் வழக்கம். அவ்வாறு வந்தோரைத் தங்கவைப்பதற்கு அவ்வூரில் தனியார் விடுதிகள் பல தோன்றின. பலர் தம் உறவினரை அவ்விடுதிகளில் விட்டுச் சென்றனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், அவ்விடுதிகளுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டும் எழுந்து ஓட இயலாது 28 பேர் மாண்டனர். நாடே நடுங்கியது. உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமமின்றி நடந்த விடுதிகள் மூடப்பட்டன.

சங்கிலி என்பது யாது? உழைச்செல்வான் இல்லாத இடத்தில் அவனுக்கு மாற்றாக வைக்கப்பட்ட இரும்பு. அருகிருந்து காக்க ஆளில்லாதபோதும், காக்கும் முறை அறியாதபோதும், மனிதர் அதனைக் கையில் எடுக்கின்றனர். இக்குறை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பல நூற்றாண்டுகள் மனநோயாளரை உயர்ந்த மதில்களுக்குள் அடைத்து வைத்தனர். சென்னையில் 1794-ஆம் ஆண்டு புரசைவாக்கத்தில் தொடங்கிய மனநோயாளர் இல்லம், 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்து இன்றளவும் அரசு மருத்துவமனையாக நிலவுகின்றது. பயன் தரும் மருந்து தோன்றாத அக்காலத்தில், இத்தகைய இல்லங்களால் காவல் செய்ய இயன்றதேயன்றிக் குணப்படுத்த இயலவில்லை. 1952-இல் பாரிசு நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்கு அளித்துப் பயன் கண்டனர். அதன்பின்னரே நோயுற்றவர் பலர் வீடு திரும்பும் காலம் வந்தது. வீடு திரும்புவோர்க்கு வீட்டில் துணை வேண்டுமன்றோ?

அத்துணையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியதில் நம் நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1950-களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் மருத்துவர் வித்யாசாகர். நோயாளர் பலர், பணியாளரோ சிலர். அவர் மருத்துவமனைத் திடலில் கூடாரங்களை அமைத்து, நோயுற்றவரின் குடும்பத்தாரையும் உடன் தங்குமாறு அழைத்தார். தாயும் தந்தையும் அருகிருந்து உணவூட்டினர். மருந்தின் பயனை நேரிற் கண்டனர். நோயின் இயல்பை மருத்துவர் வாயிலாகக் கேட்டறிந்தனர். குணமடைந்தவரை உடன் அழைத்துக்கொண்டே வீடு சென்றனர். 1957-ஆம் ஆண்டு நம் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் தோன்றியபோது, அங்கும் நோயுற்றவரோடு உறவினர் ஒருவர் தங்கியிருப்பது முறையாயிற்று. இவ்வாறு வறுமையால் தோன்றிய வழி, மருத்துவத்தின் வழியாகவே வளர்ந்தது.

ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் கீல் என்னும் ஊர் ஒன்றுண்டு. அவ்வூர்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக, தமக்கு உறவல்லாத மனநோயாளரையும் தம் இல்லங்களில் ஏற்று வாழ்ந்து வருகின்றன. நம் தமிழகத்திலேயே வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசாமி கோயிலில், உறவினருடன் தங்கியிருந்த 31 மனநோயாளரை ஆய்வாளர் சிலர் ஆராய்ந்து, 2002-இல் தம் முடிவை வெளியிட்டனர். அங்கே தனிச் சடங்கோ மருந்தோ இல்லை. உறவினர் உடனிருந்தனர், நோயுற்றோர் கோயிலின் அன்றாடப் பணிகளில் கலந்துகொண்டனர். சில வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அச்சுறுத்தாது ஆதரிக்கும் சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். மருந்து வேண்டா என்பது இதன் பொருளன்று. அன்பான துணை மட்டுமே இவ்வளவு செய்யுமாயின், மருந்தும் அதனோடு சேரும்போது பயன் இன்னும் பெருகும் என்பதே நாம் கொள்ள வேண்டுவது. கோயிலுக்குச் செல்வார் செல்க. தர்காவுக்குச் செல்வார் செல்க. மருத்துவரிடம் செல்வதை மட்டும் காலந்தாழ்த்துதல் ஆகாது. ஏர்வாடித் தர்காவில் வழிபட வருவோர்க்கு மனநல மருத்துவமும் கிடைக்குமாறு பிற்காலத்தில் அரசு ஏற்பாடு செய்ததும் இக்கருத்துப் பற்றியே.

மகள் வினவிய அன்று மாலையே, ஊரில் கிராமச் செவிலியர் வந்திருந்தார். தாய் அவரிடம் செய்தியைக் கூற, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டினார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகின்றார் என்பது அங்கே தெரிந்தது. குறித்த நாளில் தந்தையும் தாயும் மகனை அழைத்துச் சென்றனர். மருத்துவர் ஆராய்ந்து, இது மனச்சிதைவு என்னும் நோய் என்றார். "இது பேயன்று, எவருடைய பாவமும் அன்று, உங்கள் வளர்ப்பின் குற்றமும் அன்று. மரபு, மூளையின் வேதிச் செயலில் நேரும் மாறுதல், உறக்கமின்மை, பெருந்துயர், சிலருக்குக் கஞ்சா முதலிய போதைப்பொருள் எனப் பல சேர்ந்து இந்நோயை உண்டாக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. மருந்து உண்டு. ஆனால் என் மருந்து பாதி, உங்கள் துணை பாதி" என்றார். அத்துணையை அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதைப் பரிமேலழகர் கூறிய நான்கு இயல்புகளின் வழியே காண்போம்.

முதலாவது அன்புடைமை. அன்பு நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. சொல்லில் வெளிப்படல் வேண்டும். மகன், "அவர்கள் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், கேட்கவில்லையா?" என்பான். தொடக்கத்தில் தந்தை, "பொய் சொல்லாதே, இங்கு எவரும் இல்லை" என்று சினந்தார். அவனுக்கு அது பொய்யன்று. அக்குரல் உண்மையாகவே கேட்கின்றது. அதனை மறுத்து வாதிட்டால், நம்பத்தக்கவர் எவரும் இல்லை என்று அவன் மேலும் ஒதுங்குவான். ஆம் என்று ஒத்துக்கொண்டாலோ, இல்லாத பகையை உறுதிப்படுத்தியவர் ஆவோம். தாய் நடுவழி ஒன்றைக் கற்றாள். "சாமி, எனக்கு அக்குரல் கேட்கவில்லை. உனக்குக் கேட்கிறது என்று அறிகிறேன். அச்சமாக இருக்கிறதா? நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்பாள். குரலைப் பற்றி வாதிடாமல் அச்சத்தைப் பற்றிக் கேட்டதால், அவன் அவளிடம் பேசினான். பேசும்போது ஒருவரே பேசுதல் வேண்டும். குறுகிய தொடர்களாகவும், ஒரு நேரத்தில் ஒரு செய்தியாகவும் பேசுதல் வேண்டும். விடை வரச் சற்றுக் காலம் தாழ்ந்தாலும் பொறுத்திருத்தல் வேண்டும்.

இது வெறும் நீதியுரை அன்று. ஆராய்ந்து கண்ட உண்மை. 1950-களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலறிஞர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளரை ஆராயத் தொடங்கினார். ஓயாது குறைகூறும் வீட்டிலும், பகைமை பாராட்டும் வீட்டிலும், அளவிறந்து தலையிட்டு எல்லாவற்றையும் தாமே செய்யும் வீட்டிலும் நோய் மீண்டும் மிகுதியாகத் தலைகாட்டியதை அவரும் அவர்வழி வந்தோரும் கண்டனர். 1980-களில் சண்டிகரில் மருத்துவர் விக் முதலியோர் இதனை நம் நாட்டுக் குடும்பங்களில் ஆராய்ந்தனர். இலண்டனைவிட அங்கே இக்கடுமை குறைந்திருந்தது. அது நமக்குரிய செல்வம். அதனை இழந்துவிடுதல் கூடாது. சோம்பேறி என்னும் ஒரு சொல் நாம் கருதுவதைவிடப் பெருந்தீங்கு செய்யும். எழாமையும் பேசாமையும் பல வேளைகளில் நோயின் குறிகளே; சில வேளைகளில் மருந்தின் விளைவுகள்.

மிகையான அன்பும் தீங்கே என்பதனை இங்கு மறவாதீர்கள். குளிப்பாட்டி, ஊட்டி, வெளியே விடாது காத்தால் நோயுற்றவர் தம் ஆற்றலை மறப்பார். அவ்விளைஞனுக்கு முதலில் இரண்டு முருங்கை மரங்களுக்கு நீர் விடும் பணி தரப்பட்டது. பின்பு ஆடுகளுக்குத் தழை போடும் பணி. பின்பு கடைக்குச் சென்று வரும் பணி. செய்தபோது நன்று என்றனர், செய்யாதபோது வாளாவிருந்தனர்.

இரண்டாவது மனமொழி மெய்களின் தூய்மை. நோயுற்றவரிடம் பொய் கூறலாகாது. அத்தை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், அடுத்தமுறை அவர் எங்கும் வாரார். அவனறியாது மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்துவிடலாமா என்று தாய் ஒருமுறை எண்ணினாள். சோற்றில் நஞ்சு என்று முன்னரே அஞ்சியவன் அதனைக் கண்டுபிடித்தால் என்னாகும்? மருத்துவரிடம் வினவினாள். அவர் அவ்வாறு செய்ய வேண்டா என்று தடுத்து, மகன் மாத்திரையை வெறுப்பதற்குக் காரணத்தை அவனிடமே கேட்டார். உடல் கனத்துப் பகலெல்லாம் உறக்கம் வருகின்றது என்றான். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றினார். அதன்பின் அவனே கைநீட்டி வாங்கி உண்டான்.

தூய்மை என்பது பிறர்முன் பேசும் பேச்சுக்கும் உரியது. நோயுற்றவரின் செயல்களைத் திண்ணைப் பேச்சாக்குதல் தகாது. அவர் நோய்பற்றிய செய்தி அவருடையது. கிறுக்கன் என்றும் பைத்தியம் என்றும் விளையாட்டுக்கும் அழைத்தல் இழிவு. பள்ளியில் இச்சொற்களை எளிதாக வீசுகின்ற மாணவர், தம் வகுப்பிலேயே அண்ணனையோ அன்னையையோ இந்நோயில் வைத்துக்கொண்டு வாய்திறவாது அமர்ந்திருக்கும் ஒருவரை நினைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சொன்னவாறு செய்யும் ஆற்றல். மனநோய்க்குரிய மருந்து தலைவலி மாத்திரை போன்று ஒருமணியில் பயன் தருவதன்று. முழுப்பயன் தெரியப் பல வாரங்கள் செல்லும். பயன் தெரியுமுன்பே நாவறட்சி, உறக்க மயக்கம், கை நடுக்கம் போன்ற துன்பங்கள் தோன்றக்கூடும். எனவே, பயனில்லை என்று முதல் வாரத்திலேயே மருந்தை நிறுத்துவோர் உளர். நன்றாகிவிட்டதே, இனி எதற்கு என்று சில திங்களில் நிறுத்துவோர் அவரினும் பலர். மருந்தால் நின்ற நோய் மருந்தை நிறுத்தினால் மீண்டும் வரும். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பது மருத்துவர் உரைக்க வேண்டுவது.

இக்குடும்பத்தில் மகள் ஒரு குறிப்பேடு வைத்தாள். மருந்தின் பெயர், அளவு, உண்ட நேரம், உறங்கிய நேரம், அன்று கண்ட மாறுதல், அடுத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாள் ஆகியவற்றை நாள்தோறும் ஓரிரு வரியில் எழுதினாள். அண்ணன் அறிய, அவன் இசைவு பெற்றே எழுதினாள். மருத்துவர் அதனைப் புரட்டிப் பார்த்து, அரைமணிப் பேச்சில் அறிய முடியாததை ஒரு நொடியில் அறிந்தார். மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்னரே மருத்துவமனைக்குச் செல்வது என்பதையும் அவர்கள் வழக்கமாக்கிக்கொண்டனர்.

சில மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எழுச்சியும் தாழ்ச்சியும் மாறிமாறி வரும் மனநோய்க்கு லித்தியம் என்னும் மருந்து தரப்படுவதுண்டு. குருதியில் அதன் அளவு மிகுந்தால் அதுவே நஞ்சாகும். ஆதலின் மருத்துவர் கூறும் காலங்களில் குருதிச் சோதனை செய்தல் வேண்டும். மூலனூர் போன்ற வறண்ட ஊர்களில், சித்திரை வெயிலில் காட்டுவேலை செய்து உடல்நீர் வற்றினாலும், வாந்தி கழிச்சல் கண்டாலும் அதன் அளவு உயர்ந்துவிடும். நீர் போதிய அளவு பருகுதல் வேண்டும். உணவில் உப்பைத் திடீரென விலக்குதலும் ஆகாது. கை மிகுதியாக நடுங்கி, நடை தள்ளாடி, வாந்தியும் கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நான்காவது அறிவுடைமை. நோய் மீளும்போது முன்னறிவிப்புச் செய்தே வரும். ஒருவருக்கு உறக்கம் கெடும். ஒருவர் பேச்சைக் குறைப்பார். ஒருவர் வரம்பின்றிச் செலவு செய்வார். நம் இளைஞனுக்கு முதற்குறி சோற்றை முகர்ந்து பார்த்தல். அக்குறி தோன்றிய வாரத்திலேயே மருத்துவரைக் கண்டால், பெருந்துன்பம் சிறு துன்பமாக முடியும். நலமாக இருக்கும் காலத்திலேயே நோயுற்றவரோடு அமர்ந்து, அவருக்குரிய குறிகள் யாவை, அப்போது என்ன செய்யலாம் என்று பேசி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இன்னும் ஒரு செய்தி உண்டு. அதனை மறைத்துக் கூறுதல் தகாது. மனநோயின் துன்பத்தில் சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும். வாழ்ந்து பயனில்லை, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பன போன்ற சொற்களை மிரட்டல் என்று புறக்கணித்தலாகாது. அவ்வெண்ணம் உண்டா என்று அன்போடு நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. தனியே சுமந்ததை இறக்கி வைக்க ஒரு வாய்ப்பே உண்டாகும். அத்தகையவரைத் தனியே விடலாகாது. பருத்திக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்கும் வழக்கம் உழவர் இல்லங்களில் உண்டு. அதனை அகற்றிவிடுதல் வேண்டும். அன்றேல் பூட்டித் திறவுகோலை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும். அந்த ஒரு பூட்டு ஓர் உயிரைக் காக்கவல்லது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இச்சேவை நடைபெறுகின்றது. உயிர்க்கு இடர் நேர்ந்தால் 108 வண்டியை அழைத்தல் வேண்டும். நோயுற்றவர் அச்சத்தால் சினந்து எழுந்தால், கூட்டமாகச் சூழாமல், சற்று விலகி, வெளியே செல்லும் வழியை மறைக்காமல் நின்று, தாழ்ந்த குரலில் ஒருவரே பேசுதல் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தலைத் தடைசெய்கின்றது. தமக்கு எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று முன்னரே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேசத்தக்க ஒருவரைத் தாமே நியமிக்கவும் அச்சட்டம் வயதுவந்தோர்க்கு உரிமை தருகின்றது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடுந்துன்பத்தில் இருந்தவராகக் கருதிக் காக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆதலின் வழக்குக்கு அஞ்சி எவரும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டுவதில்லை.

இந்நான்கு இயல்புகளையும் கூறியபின், உரைநூல்களில் காணாத ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். உழைச்செல்வானும் மனிதனே. அவனுக்கும் பசியும் உறக்கமும் உண்டு. சினமும் சோர்வும் உண்டு. முதல் மூன்று திங்கள் அத்தாய் பகலில் தையல் வேலைக்குச் சென்று, இரவில் மகனருகே விழித்திருந்தாள். ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தாள். மகள் பள்ளிக்குச் செல்வது வாரத்தில் இரண்டு நாள் என்றாயிற்று. காரணத்தை எவரிடமும் கூறவில்லை. வகுப்பாசிரியை அவளைத் தனியே அழைத்து வினவியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. ஆசிரியை வீட்டுக்கு வந்து தந்தையோடு பேசினார். அதன்பின் தந்தை, தாய், சிற்றப்பா மூவரும் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டனர். "அம்மிணி, குறிப்பேடு எழுதுவது மட்டும் உன் வேலை, மற்றது எங்கள் பாடு. நீ படி" என்று தந்தை உறுதியாகக் கூறினார்.

மாணவர்களே, இத்தகைய வீட்டில் நீங்கள் இருப்பீர்களாயின், இதனை நினைவிற் கொள்ளுங்கள். அந்நோய்க்கு நீங்கள் காரணரல்லீர். அதனை நீங்களே தீர்த்துவிட வேண்டும் என்பதும் இல்லை. நம்பத்தக்க ஒரு பெரியவரிடம், ஓர் ஆசிரியரிடமேனும், வாய்திறந்து கூறுங்கள். உங்கள் கல்வியையும் விளையாட்டையும் உறக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அவற்றை விட்டவர் நெடுநாள் பிறர்க்குத் துணையாக நிற்க இயலாது. இத்தகைய வீடு உங்கள் தெருவில் இருக்குமாயின், என்ன ஆயிற்று என்று துருவாமல், ஒரு மாலைப்பொழுது உடனிருக்கட்டுமா என்று கேளுங்கள்.

அவ்விளைஞன் இப்போது முற்றும் நலமடைந்தானா என்று வினவுவீர்கள். நோய்க்குறிகள் பெரிதும் அடங்கின. அடியோடு நீங்கின என்று கூறுதல் உண்மையாகாது. இரவு வேலை ஆகாது என்று மருத்துவர் கூறியமையால், அவன் திருப்பூருக்கு மீளவில்லை. முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஏல நாளில் தந்தையோடு பருத்தி மூட்டைகளுடன் விற்பனைக்கூடத்திற்குச் சென்று கணக்கெழுதுகிறான். குரல்கள் எப்போதேனும் வருவதுண்டு. அப்போது அவனே தாயிடம் வந்து, "அம்மா, இன்றைக்குச் சற்றுக் கேட்கிறது" என்கிறான். அவள் கைவேலையை வைத்துவிட்டு அருகே அமர்கிறாள். தங்கை எழுதி வந்த குறிப்பேட்டை இப்போது அவனே எழுதுகிறான். தந்தை அன்று அவிழ்த்தெடுத்த தாம்புக் கயிறு மாட்டுக் கொட்டகையில் முன்போலவே தொங்குகின்றது. அதற்கு மாட்டைக் கட்டுவதன்றி வேறு வேலை இல்லை.